செருப்பின் நியாயம்

விருதுநகர் மாவட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டிய வாசல்கள் பல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் கழற்றுகிறோம். வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மன் சந்நிதிக்கு முன் கழற்றுகிறோம். சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு ஆலைகளில் மருந்துக் கலவை அறைக்குள் நுழையும் தொழிலாளியும் வாசலில் கழற்றிவிட்டே நுழைகிறார். தென்மாவட்ட ஊர்த்தெருக்களில் இன்னொரு வாசலும் இருந்தது. சில இடங்களில் அதன் நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை. குறிப்பிட்ட சாதியில் பிறந்தவர் அந்தத் தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். செயல் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: குனிந்து செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு நடப்பது. ஆனால் ஒன்றைப் பக்தி என்கிறோம், ஒன்றைப் பாதுகாப்பு என்கிறோம், ஒன்றைக் கொடுமை என்கிறோம். இவற்றைப் பிரித்தறிய நம்மிடம் உள்ள அளவுகோல் எது? காலணியை எங்கே கழற்ற வேண்டும் என்று நம் சமயங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. எத்தகைய காலணியை அணியலாம் என்றும் அவை பேசியிருக்கின்றன. அந்தப் பேச்சு நமக்கு மறந்துபோயிற்று. அதிலிருந்து தொடங்கினால் கழற்றுவது பற்றிய கேள்விக்கும் விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

முதலில், சமயத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு காலணியை எடுத்துக்கொள்வோம். 1911இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியான் லியன்வுட் பீன் என்ற வேட்டைப் பிரியர், ஈரத்தில் ஊறிக் கனத்துப்போகும் தோல் பூட்ஸால் அலுத்துப்போனார். ரப்பர் மேலுறைக் காலணியின் அடிப்பாகத்தையும் மெல்லிய தோலாலான மேற்பகுதியையும் உள்ளூர்ச் செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு இணைத்துத் தைக்கச் செய்தார். அடுத்த ஆண்டே அது விற்பனைக்கு வந்தது. முதலில் விற்ற நூறு ஜோடிகளில் தொண்ணூறு, ரப்பரும் தோலும் சேரும் இடத்தில் தையல் பிய்ந்து திரும்பி வந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கி, குறையைச் சரிசெய்து மீண்டும் விற்றார். வியாபாரக் கதையாக இது பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. நமக்கு வேண்டியது அதிலுள்ள யோசனை. சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் ரப்பர். வியர்வை வெளியேற வேண்டிய, கணுக்கால் மடங்க வேண்டிய இடத்தில் தோல். நாள் முழுக்க நடக்க வேண்டியிருப்பதால் எடை குறைவு. காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் அதே எடையைப்போலச் சுமார் ஐந்து மடங்கு உழைப்பைக் கேட்கும் என்று ராணுவ நடையை அளந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே வேட்டைக் காலணி இலகுவாக இருக்க வேண்டும் என்பது சொகுசுக்காகச் சொன்ன பேச்சாகாது. எந்தத் தரை, என்ன வேலை, எவ்வளவு தூரம் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைத்த விடை அது. அணிபவர் யார், அவர் தகுதி என்ன என்று அந்தக் காலணி கேட்கவில்லை.

இதே கேள்விகளை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமய நூல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பௌத்தத் துறவியருக்கான விதிகளைத் தொகுத்த விநய பிடகத்தின் மகாவக்கத்தில், தோலைப் பற்றி மட்டுமே ஒரு தனி அதிகாரம் உண்டு. செல்வக் குடும்பத்தில் மென்மையாக வளர்ந்த சோணர் என்ற துறவி, நடந்தபடியே தியானம் செய்து உள்ளங்கால் பிய்ந்து, நடந்த பாதையெல்லாம் இரத்தமாகிறது. வீணையின் நரம்பை அதிகம் முறுக்கினாலும் தளர்த்தினாலும் இசை வராது என்று புத்தர் அவருக்கு உணர்த்துகிறார். பின்னர் ஒற்றை அடித்தோல் கொண்ட செருப்பை அணிய அனுமதிக்கிறார். சோணர் மறுக்கிறார். வண்டி வண்டியாகப் பொன்னைத் துறந்து வந்தவன் ஒரு செருப்பில் பற்று வைத்தான் என்று உலகம் பேசும்; சங்கம் முழுமைக்கும் அனுமதி உண்டென்றால் தானும் அணிவேன் என்கிறார். அனுமதி எல்லோருக்குமாகிறது. அதற்கப்பால் வரும் விதிகளில் பல வண்ணச் செருப்புகளும், முழங்கால் வரை ஏறும் பூட்ஸும், பஞ்சு திணித்தவையும், சிங்கம், புலி முதலியவற்றின் தோலால் அலங்கரித்தவையும் விலக்கப்படுகின்றன. ஆனால் அவந்தி நாடு போன்ற எல்லைப்புறங்களில், மாட்டுக் குளம்புகள் மிதித்து மிதித்து மண் கரடுமுரடாக இறுகிக் கிடக்கிறது என்று முறையீடு வந்தபோது, அங்கே பல அடுக்கு அடித்தோல் வைத்த செருப்புக்கு இசைவு கிடைக்கிறது. ஒரே சங்கம், ஒரே துறவு. தரை மாறியதும் விதி மாறுகிறது. மெய்ன் காட்டின் சதுப்பு ரப்பரைக் கேட்டதுபோல, அவந்தியின் கட்டாந்தரை தடித்த தோலைக் கேட்டது.

நான் நிறுவ விரும்புவது இதைத்தான். காலணி பற்றிய ஒரு விதி நியாயமானதா என்று பார்க்க, அது எதைச் சுட்டிக் காரணம் சொல்கிறது என்று கேட்க வேண்டும். தரையையும் வேலையையும் சுட்டினால் அந்த விதியோடு வாதிடலாம், திருத்தலாம், மேம்படுத்தலாம். அணிபவர் தாமே மனம் உவந்து ஏற்ற நோன்பைச் சுட்டினால் அதற்குத் தலைவணங்கலாம். அணிபவரின் பிறப்பைச் சுட்டினால் அதை ஒழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அது எந்தச் சாத்திரத்தின் பெயரால் வந்தாலும் இதுவே முடிவு.

இதற்கு எழும் முதல் மறுப்பு துறவின் பக்கமிருந்து வரும். காலுக்கு இதம் தேடுவது உடலுக்கு அடிமையாவது. வெறுங்காலே ஆன்மிகத்தின் அடையாளம் என்பார்கள். இந்த மறுப்புக்கு இந்த மண்ணிலேயே வலுவான சான்று உண்டு. அருப்புக்கோட்டைப் பக்கம் உள்ள குறண்டி, பாண்டியர் காலத்தில் பெரிய சமணப்பள்ளி இருந்த ஊர். மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுகளிலும் அதன் பெயர் வருகிறது. சமணத் துறவியர் செருப்பு அணிவதில்லை. காலடியில் நசுங்கக்கூடிய சிற்றுயிரை உள்ளங்கால் உணர வேண்டும் என்பதும் உடைமையை அறவே விட வேண்டும் என்பதும் அதன் பின்னுள்ள எண்ணங்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்கும், தைப்பூசத்துக்குப் பழநிக்கும், மாலை போட்டுச் சபரிமலைக்கும் வெறுங்காலோடு போகிறவர்களும் சிறிய அளவில் அந்த நோன்பைத்தான் கைக்கொள்கிறார்கள். இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் நோன்புக்கு மதிப்பு வருவதே, வேறு வழி இருந்தும் இதைத் தேர்ந்ததால்தான். சோணரின் தயக்கத்தில் இருந்த நுட்பமும் இதுவே. தனக்கு மட்டும் கிடைக்கும் வசதியை அவர் மறுத்தார். எல்லோருக்கும் கிடைத்தபோது ஏற்றார். கால் வலிப்பதே புண்ணியம் என்று புத்தரும் சொல்லவில்லை, சோணரும் நம்பவில்லை.

வெறுங்காலைப் புனிதமாக்கும் பேச்சு, செருப்பு வாங்க முடியாதவரின் வெறுங்காலையும் அதே புனிதத்துக்குள் சேர்த்து மறைத்துவிடும் ஆபத்து உண்டு. கொக்கிப்புழு மண்ணிலிருந்து பாதத்தோல் வழியே உடலுக்குள் நுழைகிறது. 1920களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு சென்னை மாகாணத்தில் அதற்கெதிராக இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. உழைக்கும் மக்களின் இரத்தசோகைக்கு அந்தப் புழு ஒரு பெரும் காரணம். பாம்புக்கடியை எடுத்துக்கொண்டால், 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் பன்னிரண்டு லட்சம் பேர் அதனால் இறந்ததாக நாடு தழுவிய இறப்பு ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தவர், கடி விழுவது பெரும்பாலும் காலில். சாத்தூர், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டிலும் கரிசல் புஞ்சையிலும் வேலை செய்கிறவருக்கு விரியன் தெரியாத பாம்பாக இருக்காது. இவர்களிடம் போய் மண்ணோடு பாதம் உறவாடுவதன் மேன்மையைப் பேசுவது, மேடையில் நிற்கிறவர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். கணுக்காலை மூடும், எடை குறைந்த, விலை குறைந்த ஒரு காலணி இங்கே உயிர் காக்கும் பொருள். இதம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒழுக்கக் குறைவு என்று முகம் சுளிக்கும் பழக்கத்தை இந்த எண்களாவது மாற்ற வேண்டும்.

சரி, ரப்பரும் தோலும் எப்போதும் நல்லவை என்றால் சிவகாசி அதை மறுக்கும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பட்டாசு மருந்துக்குப் பெரிய பகை. நடக்கும்போதும், பாலியெஸ்டர் துணி உரசும்போதும் அது சேர்கிறது; தரைக்கு இறங்க வழியில்லாவிட்டால் விரல் நுனியிலிருந்து பொறியாகப் பாய்கிறது. அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்த கலவை பற்றிக்கொள்ள அந்தச் சிறு பொறி போதும். அதனால்தான் பருத்தி ஆடை, அதனால்தான் அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு மின்னேற்றத்தை இறக்கும் ஏற்பாடு, அதனால்தான் வெறுங்கால். இரும்பு ஆணி அடித்த காலணிக்கு வெடிபொருள் கட்டடத்துக்குள் இடமில்லை என்பதும் கல்லில் ஆணி உரசித் தெறிக்கும் பொறியை நினைத்து வந்த விதி. சதுப்பில் வேட்டைக்காரரைக் காப்பாற்றிய அதே தடித்த ரப்பர் அடி, கலவை அறையில் உடம்பையும் தரையையும் பிரித்து ஆளைக் கொல்லும். தரை மாறியது, வேலை மாறியது, விடையும் தலைகீழாயிற்று. இந்த விதியை நான் நியாயமானது என்பதற்குக் காரணங்கள் உண்டு. ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடிகிறது. போர்மேனுக்கும் முதலாளிக்கும் சோதனைக்கு வரும் அதிகாரிக்கும் அது ஒன்றே. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைத் திருத்த முடிகிறது. விதியின் நோக்கம் மின்னேற்றம் தரைக்கு இறங்க வேண்டும் என்பதே தவிர, கால் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதல்ல. மின்னேற்றத்தைக் கடத்தும் அடி வைத்த காலணிகள் உலகெங்கும் வெடிபொருள் ஆலைகளில் பயன்படுகின்றன. அவை பொறியையும் தடுக்கும், மருந்துத் தூளும் தீக்காயமும் பாதத்தைத் தொடாமலும் காக்கும். அப்படிப் பார்த்தால் சிவகாசியின் வெறுங்கால் சரியான விடை. ஆனால் கிடைப்பவற்றில் மலிவான விடை. காரணத்தைப் புரிந்துகொண்ட விதி அடுத்த படிக்கு நகர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

இப்போது ஊர்த்தெருவின் விதியை இதே சோதனைக்கு உட்படுத்துவோம். அந்தத் தெருவின் மண் மற்றத் தெருவின் மண்ணைப் போன்றதுதான். அங்கே நடக்கிறவர் செய்யும் வேலையும் வேறல்ல, நடக்கிறார், அவ்வளவே. ஒருவர் செருப்போடும் இன்னொருவர் செருப்பைத் தூக்கிக்கொண்டும் போக வேண்டும் என்பதற்குப் பிறப்பைத் தவிர வேறு காரணம் எதையும் சொல்ல முடியாது. அதிலும் ஒரு கொடிய முரண் உண்டு: ஊருக்கே தோல் பதனிட்டுச் செருப்பும் கமலைப் பறியும் தைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் அந்தச் செருப்பை அணிந்து நடக்கும் உரிமை மறுக்கப்பட்டது. இந்த விதியை மேம்படுத்த முடியாது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் கழற்றினால் போதும் என்று தளர்த்தினால் அது மூன்று நாள் கொடுமையாக நிற்குமே தவிர, பாதி நியாயமாகிவிடாது. இந்தியச் சட்டம் இதைப் பொதுவான தீண்டாமைக்குள் அடக்கிவிடாமல் பெயர் சொல்லியே குறித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது இடத்தில் காலணி அணிவதைத் தடுப்பதைக் குற்றமாகவே எழுதியிருக்கிறது. ஒரு நாடாளுமன்றம் செருப்பைப் பற்றிச் சட்டம் எழுத வேண்டியிருந்தது என்பதே, அது எவ்வளவு காலம் வெறும் செருப்பாக இருக்கவில்லை என்பதைக் காட்டும்.

இங்கே பக்தரின் மறுப்பு எழும். கோயில் வாசலில் கழற்றுவது தரையையும் சுட்டவில்லை, வேலையையும் சுட்டவில்லை. அதுவும் தூய்மை தீட்டு என்ற கணக்கில்தானே வருகிறது, உங்கள் அளவுகோலில் அதுவும் விழுந்துவிடாதா என்று கேட்கலாம். நேர்மையான கேள்வி. என் விடை இது: கோயில் வாசலில் கழற்றுவது, உள்ளே போகிறவர் தாமே ஏற்கும் பணிவு. அந்தப் பணிவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரை அது நோன்பின் பக்கம் நிற்கிறது. எல்லோருக்கும் ஒன்றாக இல்லாத காலமும் இதே வட்டாரத்துக்குத் தெரியும். கமுதிக் கோயிலில் 1897இல் நாடார்கள் நுழைந்ததற்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரத்துக்கும் சிவன் கோயிலுக்குள் நுழையும் உரிமையே கருவாக இருந்தது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலில் நடந்த ஆலயப் பிரவேசமும், பின்பு 1947இல் வந்த சட்டமும் கதவைத் திறந்த பிறகுதான், செருப்பைக் கழற்றுங்கள் என்ற சொல்லுக்கே ஒழுக்க அர்த்தம் வந்தது. உள்ளே விடப்படாதவரிடம் வாசலில் பணிவைக் கேட்க யாருக்கும் உரிமையில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் பிராகாரக் கல் கொதிக்கும்போது கோயில் நிர்வாகங்கள் தென்னைநார் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கின்றன. புனிதத்தின் பெயரால் வந்த விதியும் தரையின் பேச்சைக் கேட்கத்தான் செய்கிறது; கேட்பதால் அதன் புனிதம் குறைந்ததாக எந்தப் பக்தரும் சொன்னதில்லை.

சைவமே இந்த விவாதத்துக்கு ஒரு வேட்டைக்காரரைச் சாட்சியாக வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின் கண்ணப்ப நாயனார், காளத்தி மலையில் வேட்டையாடிய திண்ணனார். வேட்டைக்காரர் காலில் தோல் இருப்பது தமிழுக்குப் புதிதல்ல. சங்க நூல்களிலேயே செருப்பணிந்த வேடரும், அடியை மூடும் காப்போடு காட்டுவழி போகும் வணிகரும் வருகிறார்கள். முள்ளும் பரலும் நிறைந்த காட்டில் அது இல்லாமல் முடியாது. திண்ணனார் அந்தச் செருப்புக் காலோடே இறைவன் முன் போகிறார். ஒரு கையில் ஊன், மறு கையில் வில், வாயில் மஞ்சன நீர். முன்னவர் சாத்திய பூவைத் தள்ளக் கை ஒழியாமல், செருப்பணிந்த காலாலேயே தள்ளுகிறார். ஆகம வழியில் பூசிக்கும் சிவகோசரியார் பதறுகிறார். அவர் கனவில் இறைவன் சொல்லும் விடைதான் நமக்கு முக்கியம்: அந்தச் செருப்படி தன் மேல் படுவது, பிள்ளை முருகனின் பாதம் படுவதைவிடச் சிறந்தது என்கிறார். வேடர் கால் தீட்டு என்ற எண்ணத்துக்குச் சைவத்தின் நெஞ்சிலிருந்தே வந்த பதில் இது.

இது விதிவிலக்கு, அறியாமையை அன்பு மன்னித்த கதை, இதை வைத்து விதி செய்ய முடியாது என்பவர்கள் உண்டு. எல்லோரும் செருப்போடு கருவறைக்குள் போகலாம் என்று சேக்கிழார் சொல்லவில்லை என்பது சரியே. சிவகோசரியாரையும் அவர் இழிவாகக் காட்டவில்லை; அவருடைய ஆகமப் பூசையும் அவருக்கு உரிய அன்பு. ஆனால் மன்னிப்புக் கதையாக இருந்தால் இறைவன் பொறுத்துக்கொண்டதாகச் சொல்லி முடித்திருக்கலாம். கவி அதற்கு மேலே போய், அந்தத் தீண்டல் உயர்ந்தது என்கிறார். அதாவது தூய்மை விதி பக்திக்கு ஒரு வழி. பக்தியை அளக்கும் கோல் அது ஆகாது. வைணவத்திலும் இதே உண்மை வேறு உருவில் இருக்கிறது. நந்திகிராமத்தில் பரதன் அரியணையேற்றியது ஒரு ஜோடிப் பாதுகையை. வேதாந்த தேசிகர் அரங்கன் பாதுகையை மட்டும் 1008 சுலோகங்களில் பாடினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தலையில் சாத்தப்படும் சடாரியும் பெருமாளின் திருவடி நிலைதான். இழிந்த பொருளென்று வாசலில் விட்டுவந்த காலணியை, உள்ளே தலையில் ஏற்கிற சமயம் இது. காலணிக்குத் தன்னளவில் தீட்டு இல்லை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. தீட்டு என்பது மனிதர் மனிதர்மேல் சுமத்திய கணக்கு.

இவ்வளவும் காலணி அணிபவரைப் பற்றியது. தோலைத் தந்த உயிரைப் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. மகாவக்கம் அதையும் விடவில்லை. ஒரு துறவி அழகிய புள்ளித் தோல் கொண்ட கன்றை ஆசையோடு பார்த்துக்கொண்டிருக்க, அவருக்கு வேண்டிய இல்லறத்தான் அதைக் கொன்று தோலை உரித்துக் கொடுக்கிறான். தாய்ப்பசு அந்தத் துறவியின் பின்னாலேயே போகிறது. மாட்டுத்தோலை விலக்கும் விதி அங்கிருந்து பிறக்கிறது. கத்தியை எடுத்தது இல்லறத்தான். ஆனால் பார்வையின் ஆசையே கொலையைத் தூண்டியது என்று விதி கணக்குப் போடுகிறது. வாங்குகிறவரின் பொறுப்பு பற்றி இன்றைய சந்தை பேசுவதை அன்றே பேசிவிட்டார்கள். காந்தி இதற்கு நடைமுறை விடை ஒன்றைத் தேடினார்: தானாக இறந்த மாட்டின் தோலை மட்டும் பயன்படுத்துவது. தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கக் கற்றவர் அவர். தன்னைச் சிறையிலடைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கு 1914இல் ஒரு ஜோடிச் செருப்பை அளித்தார். பல கோடைகள் அணிந்த ஸ்மட்ஸ் அதை 1939இல் காந்தியின் எழுபதாவது பிறந்தநாளையொட்டித் திருப்பி அனுப்பினார். ஒரு செருப்பு கால் நூற்றாண்டு இருந்தது என்பதையும் இந்தக் கதையில் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் தோலை முற்றிலும் விட்டுவிட்டு ரப்பருக்குப் போவதே அறம் என்று வாதிடலாம். அதுவும் அவ்வளவு எளிதில்லை. இயற்கை ரப்பர், கன்னியாகுமரியிலிருந்து கேரளம் நெடுகக் காடு அழிந்த சரிவுகளில் தோட்டமாக வளர்வது. செயற்கை ரப்பர் பெட்ரோலியத்தின் பிள்ளை. தோலின் பக்கமும் கொலை மட்டும் கணக்கல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றங்கரை நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. குற்றமற்ற காலணி என்று ஒன்று சந்தையில் இல்லை. எனவே அறத்தின் கேள்வி, எந்தப் பொருள் தூய்மையானது என்பதிலிருந்து எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்பதற்கு நகர வேண்டும். அடி தேய்ந்தால் அடியை மட்டும் மாற்றித் தைக்கக்கூடிய காலணி, ஆண்டுக்கொன்று தூக்கியெறியும் மூன்று காலணிகளைவிடக் குறைந்த உயிரையும் குறைந்த ஆற்றையும் தின்கிறது. இலகுவான எடைக்கும் இங்கே இரண்டாவது பொருள் கிடைக்கிறது: தேவைக்கு மேல் தோல் இல்லாதது.

வேட்டைக் காலணி என்ற பெயரிலேயே மிச்சமிருக்கும் கேள்வி ஒன்று உண்டு: வேட்டை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதற்கு இங்கே இடமில்லை. 1988இல் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயமாகத் தொடங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள், 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயின. கருவி நடுநிலையானது, குற்றம் கையில்தான் என்பது பழைய வாதம். பாதியளவுக்குத்தான் அது சரி. சத்தமில்லாமல் நடப்பது, பாறையில் வழுக்காமலிருப்பது, முள்ளுக்கும் விரியனுக்கும் கணுக்காலைக் காப்பது, ஓடை கடந்தும் கனக்காமலிருப்பது ஆகிய குணங்கள் வேட்டைக்காரருக்காகச் செம்மைப்பட்டவை. இன்று அவையே தேவைப்படுவது, வேட்டையைத் தடுக்க இரவில் ரோந்து போகும் தடுப்புக் காவலருக்கு. செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறை அடிவாரத்திலும் வாழும் பளியர்களும் தேனுக்கும் கிழங்குக்கும் அதே தரையில்தான் நடக்கிறார்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சதுரகிரி மகாலிங்கத்தைக் காண ஏறும் அடியவர் விரும்பினால் வெறுங்காலோடு போகட்டும். அது அவர் நோன்பு. அதே பாதையில் வேலையாகப் போகும் காவலரும் சுமை தூக்குபவரும் நோன்பிருக்கவில்லை. அவர்களுக்குத் தரமான காலணி தருவது வேலை கொடுத்தவரின் கடமை. ஒரே மலையில் வெறுங்கால் ஒருவருக்குப் புண்ணியம், இன்னொருவருக்குப் புறக்கணிப்பு.

எட்டாம் நூற்றாண்டு பௌத்த அறிஞர் சாந்திதேவர் போதிசர்யாவதாரத்தில் ஒரு வாதம் வைக்கிறார்: உலகம் முழுவதையும் தோலால் மூட யாராலும் முடியாது, தன் செருப்பளவு தோல் போட்டுக்கொண்டால் பூமி முழுவதும் மூடியதற்குச் சமம், அதுபோல வெளியுலகைத் திருத்த முயலாமல் மனத்தை அடக்கு. மனப்பயிற்சிக்கு அந்த வாதம் பொருந்தும். சமூகத்துக்கு அதை அப்படியே எடுத்து வைத்தால் தவறாகிவிடும். என் காலுக்குச் செருப்பு இருக்கிறது என்பதால் பாதையில் கிடக்கும் முள் இல்லாமல் போகாது. அடுத்து வருகிறவருக்கு அது அங்கேயேதான் கிடக்கும். தன் பாதத்தை மூடிக்கொண்டவுடன் பாதையைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று நினைப்பதே இதத்தின் உண்மையான ஆபத்து. துறவிகள் அஞ்சிய பற்று காலணியில் இல்லை, இந்த மறதியில் இருக்கிறது. ஆகவே நல்ல காலணியைத் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தரைக்கும் வேலைக்கும் பொருந்துவதாக, தேவைக்கு மேல் கனக்காததாக, நெடுநாள் உழைப்பதாகத் தேர்ந்தெடுக்கலாம். வணங்க வேண்டிய இடத்தில் மனமுவந்து கழற்றலாம். ஆனால் கழற்றுவதற்குப் பணிவு என்ற பெயர் பொருந்த வேண்டுமானால், கழற்றுகிறவருக்கு முதலில் ஒரு செருப்பு இருக்க வேண்டும்; அதை எந்தத் தெருவிலும் போட்டு நடக்கும் உரிமையும் இருக்க வேண்டும். அந்த இரண்டையும் உறுதிசெய்யாத சமயம், வெறுங்காலைப் பற்றி உபதேசிக்கும் தகுதியை இன்னும் பெறவில்லை.